இரண்டு பஞ்சாங்கங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது; விஷயத்தில்தான் காரம் சற்று அதிகம். அமெரிக்கப் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதினாறு மாதம் காத்திருந்தேன் என்று முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தேன் அல்லவா? அது அவருக்குப் பொறுக்கவில்லை.

‘உலகமே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த 2020-ஆம் வருஷத்தில், ஒரு காகிதம் தாமதமாக வந்தது என்று குறைப்பட்டுக்கொள்ள உமக்கு வெட்கமாக இல்லையா? உயிர் மிஞ்சியதே, அதற்கு நன்றி சொல்லும். அதிலும் சொந்த தேசத்தின் பிரஜா உரிமையை உதறிவிட்டு அந்நிய தேசத்தின் வாசலில் நிற்கிறவர், அந்த வீட்டுக்காரன் கதவைத் திறக்க நேரமாகிறது என்று கோபித்துக்கொள்வானேன்?’

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. இதே கேள்வியை இவ்வளவு நல்ல தமிழில் இல்லாவிட்டாலும், என் சொந்த பந்துக்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி குடியேற்ற இலாகா நாடு முழுவதும் தன் அலுவலகக் கதவுகளை மனுதாரர்களுக்கு மூடியது. ஜூன் 4-ஆம் தேதிதான் மறுபடி திறக்க ஆரம்பித்தது. இந்தப் பதினோரு வாரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். அந்த ஏப்ரல் மாதத்தில் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸின் ஊளை கேட்காத இரவு கிடையாது. எதிர்வீட்டுக் கிழவரை அழைத்துப் போனார்கள்; திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில், ‘என் நேர்காணல் என்ன ஆயிற்று?’ என்று ஒருவன் அலுவலகக் கதவைத் தட்டியிருந்தால் அவனை மனிதன் என்றே நான் மதித்திருக்க மாட்டேன். தஸ்தாவேஜு அனுப்பவேண்டிய கெடு தவறியவர்களுக்கு அறுபது நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல காரியம்.

கொள்ளை நோய் கதவைச் சாத்தியது, சரி. ஆனால் கதவுக்கு உள்ளே ஒரு பஞ்சாங்கமும் வெளியே ஒரு பஞ்சாங்கமுமாக இரண்டு தொங்குகின்றனவே, அவற்றை மாட்டியது நோய் அல்ல. என் வழக்கு அதைப் பற்றித்தான்.

வெளியே தொங்குவது எனக்கான பஞ்சாங்கம். 2019 அக்டோபரில் நான் பூர்த்தி செய்த மனு இருபது பக்கம். கடந்த ஐந்து வருஷத்தில் எந்தெந்த விலாசத்தில் இருந்தேன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. அந்த ஐந்து வருஷத்தில் இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் நாட்டை விட்டு எப்போது எப்போது வெளியே போனேன், புறப்பட்ட நாள், திரும்பிய நாள், எந்தெந்த தேசம், மொத்தம் எத்தனை நாள். மூன்றாம் அத்தியாயத்தில் இருபத்திரண்டு வயதாக இருந்த கதாநாயகியைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருபதாக்கிவிட்டு, வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். 2016-இல் திருச்சிக்குப் போய் எத்தனை நாள் இருந்தேன் என்பதைப் பாஸ்போர்ட்டின் மங்கிப்போன முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினேன். ஐந்து வருஷத்தில் முப்பது மாதமாவது மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சாக ஆறு மாதம் வெளியே தங்கினால் சந்தேகம் எழும்; ஒரு வருஷம் தங்கினால் கணக்கு முறிந்துபோகும். தப்பாக எழுதினால் அது பொய்ச் சாட்சியமாகவும் ஆகலாம். கண்டிப்பு வேண்டியதுதான், இதில் எனக்குப் புகார் இல்லை.

உள்ளே தொங்குவது இலாகாவின் பஞ்சாங்கம். அதில் மாதமும் இல்லை, தேதியும் இல்லை.

ஏப்ரலுக்கு வைத்திருந்த என் நேர்காணல் ரத்தாயிற்று. வேறு தேதி பின்னால் தெரிவிக்கப்படும் என்று கடிதம் வந்தது. ஜூன் முடிந்து ஜூலை வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் ஒரு யந்திரக் குரல் பேசும். அதனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மனிதரைப் பிடித்தால், ‘உங்கள் மனு வழக்கமான கால வரம்புக்குள்தான் இருக்கிறது, வரம்பு தாண்டினால்தான் விசாரிக்கலாம்’ என்பார். அந்த வரம்பு எவ்வளவு? அதை இலாகாவே கணக்கிட்டு வெளியிடுகிறது. எப்படிக் கணக்கிடுகிறது? மற்றவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்களோ அதைப் பார்த்து! தாமதம் அதிகமானால் வரம்பும் அதிகமாகும். துணி நீள நீள முழக்கோலும் கூடவே நீளுகிற ஜவுளிக்கடையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் ஒவ்வொரு மாதமும் வரம்பை நெருங்குவேன். ஒவ்வொரு மாதமும் வரம்பு இரண்டடி தள்ளிப் போய் நிற்கும். நேர்காணல் முடிந்த பிறகு 120 நாளைக்குள் முடிவு சொல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. நேர்காணலே நடக்கவில்லையானால் 120-ஐ எங்கிருந்து எண்ணுவது?

இதெல்லாம் வெறும் அலுப்புத்தானே என்று கேட்பீர்கள். ஜூலை மாதத்தில் அது அலுப்பாக இருக்கவில்லை.

திருச்சியில் என் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. கொரோனா அல்ல, ஆனால் கொரோனாவினால் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் வீட்டிலேயே படுத்திருந்தாள். அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். “மாமா, ஒரு தடவை வந்துட்டுப் போக முடியுமா? அம்மா உங்களையே கேட்டுக்கிட்டிருக்காங்க” என்றான். இந்திய சர்க்கார் ‘வந்தே பாரத்’ என்று விமானங்கள் விட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. போகலாம். திரும்புவதுதான் சிக்கல், இடம் கிடைத்தால் உண்டு. சட்டம் தெரிந்த சிநேகிதர் ஒருவரைக் கேட்டேன். “தாராளமாகப் போங்கள், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நேர்காணல் தேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் உடனே திரும்ப முடியுமா? வராமல் போனால் மனுவை மூடிவிடுவார்கள். அப்புறம் அதைத் திறக்கச் சொல்லி ஓர் அலைச்சல்” என்றார்.

நான் போகவில்லை. செப்டம்பரில் அக்கா காலமானாள். கையகலக் கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் படம் இரண்டு தடவை நின்றுபோயிற்று.

நேர்காணல் தேதி நவம்பரில் வந்தது.

கும்பகோணத்து நேயர் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலேயே என்னை அமெரிக்கப் பிரஜையாக்கியிருந்தால் ஜூலையில் இந்தியாவுக்குப் போவது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். வெளிநாட்டாருக்குக் கொடுத்திருந்த விசாக்களை இந்தியா நிறுத்தி வைத்திருந்த சமயம் அது. ஆகவே சீக்கிரம் கொடுக்கவில்லையே என்று நான் அழவில்லை. ‘நவம்பருக்கு முன் உன்னைக் கூப்பிட மாட்டோம்’ என்று ஜூலையில் ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் போயிருப்பேன். அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். என் ஐந்து வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், தங்களுடைய நாலு மாதத்தைப் பற்றி உத்தேசமாகக்கூட ஒன்றும் சொல்ல மாட்டோம் என்றால், அதைக் கொள்ளை நோயின் தலையில் போடுவது அந்த நோய்க்கே செய்கிற அநீதி.

இனி, சத்தியப்பிரமாணத்தின் கதை. நேர்காணலில் தேறினால் மட்டும் ஒருவன் பிரஜையாகிவிட முடியாது. வலக்கையை உயர்த்திப் பிரமாணம் சொன்னால்தான் ஆகலாம். அலுவலகங்களை மூடிய அன்று, எல்லாப் பரீட்சையும் தேறி, இந்தப் பிரமாணம் ஒன்றுக்காக மட்டும் காத்து நின்றவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர். இரண்டு நிமிஷ வேலை. இதைத் தொலைபேசியிலோ காமிரா மூலமாகவோ செய்துவிடலாமே என்று வக்கீல்களும் பிறரும் மன்றாடினார்கள். இலாகா சம்மதிக்கவில்லை, ‘பொதுச் சடங்கு’ என்று சட்டத்தில் போட்டிருக்கிறது, நேரில்தான் வர வேண்டும் என்று சாதித்தது. அதே நாட்டின் சுப்ரீம் கோர்ட் மே 4-ஆம் தேதி முதல் தொலைபேசியிலேயே வழக்குகளின் வாதங்களைக் கேட்க ஆரம்பித்தது. ஜனங்களும் வீட்டிலிருந்தபடியே கேட்டார்கள். நாட்டின் தலையெழுத்தையே நிர்ணயிக்கிற வழக்குக்குத் தொலைபேசி போதும். ஒரு தையற்காரர் கையைத் தூக்கிப் பிரமாணம் சொல்வதற்குப் போதாது!

வடக்கே கனடாவில் ஏப்ரல் 1-ஆம் தேதியே முதல் பிரமாணத்தைக் காமிரா வழியாகச் செய்துவைத்துவிட்டார்கள். அங்கேயும் மனுக்கள் மலையாகக் குவிந்து, வருஷக்கணக்கில் தாமதமானதுண்டு. கனடாவைப் புண்ணிய பூமி என்று நான் சொல்லவில்லை. ஆனால் டொரான்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் நின்றபடி கையை உயர்த்தினார். பழைய அட்டையைக் கத்தரிக்கோலால் காமிராவுக்கு முன்னால் நறுக்கிக் காட்டச் சொன்னார்களாம். “நறுக்கிவிட்டு அதே கத்தரிக்கோலால் பால் பையை வெட்டிக் காப்பி போட்டுக் குடித்தேன்” என்றார். பிரஜா உரிமைக்கு அதனால் ஒன்றும் கௌரவம் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் ஜூனுக்குப் பிறகு வேலை நடந்தது. டெட்ராய்ட் நகரில் கார்களில் உட்கார்ந்தபடியே பிரமாணம் செய்வித்தார்கள். நல்ல யோசனை. ஆகஸ்டு 25-ஆம் தேதி இன்னொன்று நடந்தது. அன்று வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஐந்து பேருக்குப் பிரமாணம் செய்வித்து, அன்றிரவு ஆளும் கட்சியின் மாநாட்டு நிகழ்ச்சியில் அதைத் தேசம் முழுவதற்கும் ஒளிபரப்பினார்கள். அந்த ஐவரில் ஒருவர் இந்தியப் பெண்மணி. அவர்கள்மீது எனக்கு மனஸ்தாபம் இல்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் காமிரா மூலம் பிரமாணம் செய்யக் கூடாது என்று சாதித்தவர்கள், காமிராவுக்காகப் பிரமாணம் செய்வித்தார்களே, அதை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தார்கள்?

நவம்பர் 3-ஆம் தேதி தேர்தல். எங்கள் மாகாணத்தில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்க அக்டோபர் 13 கடைசி நாள். அந்த வருஷம் வாக்குச் சீட்டைத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவி என்னை முந்திக்கொண்டு பிரஜையானவள். அவளுக்கு வந்த உறை ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. “உங்களுக்கும் சேர்த்து நான் போடறேன், யாருக்குன்னு சொல்லுங்க” என்று வேடிக்கை பண்ணினாள். அவளும் நானும் எந்தத் தேர்தலிலும் ஒரே பக்கம் நின்றதில்லை. ஆகவே அந்தச் சலுகையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் கோபம் வரும். இந்த இலாகா வரிப்பணத்தில் நடப்பது அல்ல. அதன் செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு மனுதாரர்கள் கட்டுகிற கட்டணத்திலிருந்தே வருகிறது. அன்று நான் கட்டியது 725 டாலர். நோய் வந்து புது மனுக்கள் குறைந்ததும் கஜானா வறண்டுபோயிற்று என்றார்கள். 120 கோடி டாலர் வேண்டும், இல்லாவிட்டால் ஊழியர்களில் சுமார் 13,400 பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். இலாகாவில் மொத்தமே இருபதாயிரம் பேர்தான்! கடைசியில், வெள்ளை மாளிகைப் பிரமாணம் நடந்த அதே ஆகஸ்டு 25 அன்று அந்த உத்தேசத்தைக் கைவிட்டார்கள். செலவைக் குறைப்பதால் மனுக்கள் இன்னும் தேங்கும் என்று கூடவே அறிவித்தார்கள். அதே சமயத்தில் 725 டாலர் கட்டணத்தை 1,170 ஆக்கவும் உத்தரவு தயாராயிற்று. அக்டோபர் 2-ஆம் தேதி அமலுக்கு வரவேண்டியதை மூன்று நாள் முன்னதாக ஒரு கோர்ட் தடுத்தது. அந்தச் செப்டம்பர் கடைசியில் தேங்கிக் கிடந்த பிரஜா உரிமை மனுக்கள் 9 லட்சத்துக்கு மேல். அத்தனை பேரும் பணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுக்காத தையற்கடைக்காரர், ‘கடையில் காசில்லை, புது வாடிக்கைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்’ என்றால் நேயர் என்ன சொல்வார்?

என் பச்சை அட்டையின் கதை தனி. ‘கிரீன் கார்டு’ என்கிறார்களே, அதுதான். பத்து வருஷத்துக்குச் செல்லும் அட்டை அது; என்னுடையது 2020 ஆகஸ்டில் முடிந்தது. மனு உரிய காலத்தில் முடிந்திருந்தால் அந்த அட்டையின் தேவையே இருந்திராது. என்னைப் போல் ஆறு மாதத்துக்கு முன்பே மனுப் போட்டவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அது போதும். ஆனால் முத்திரைக்கு நேரில் போக வேண்டும். நேரில் போக முன்னேற்பாடு வேண்டும். முன்னேற்பாட்டுக்கு அந்த யந்திரக் குரல் மனமிரங்க வேண்டும். கடைசியில் 540 டாலர் கட்டிப் புது அட்டைக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் தாமதத்துக்கு நான் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் அச்சடிக்காமல் தேங்கிக் கிடந்த பச்சை அட்டைகள் மட்டுமே சுமார் 50,000 என்று பத்திரிகைகள் எழுதின. என் அட்டை டிசம்பரில் வந்தது. 2022 டிசம்பரிலிருந்து, பிரஜா உரிமைக்கு மனுப் போட்டாலே பழைய அட்டை 24 மாதம் தானாக நீளும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஒரு காகிதத்தில் இரண்டு வரி. இதை 2020-இல் எழுத எந்தக் கிருமி தடுத்தது?

நேயரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: தாய்நாட்டை உதறியவனுக்குக் கோபம் ஏன்? ஐயா, நான் லேசான மனத்தோடு இதைச் செய்யவில்லை. இந்தியச் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை அனுமதிப்பதில்லை; இங்கே கையை உயர்த்திய கணத்தில் அங்கே பெயர் அழிந்துவிடும். ஏன் செய்தேன் என்பது என் வீட்டு விவகாரம். குழந்தைகள் இங்கே, சம்பாத்தியம் இங்கே, வரி கட்டுவது இங்கே. சட்டம் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் எனக்குப் பங்கு இல்லாமலிருந்தது, அவ்வளவுதான். அந்நியன் வீட்டு வாசல் என்கிறீர்களே, அந்த வாசலில் நம்மவர்கள் எத்தனை காலம் நின்றிருக்கிறார்கள் தெரியுமா? பகத்சிங் திண்டு என்று ஒரு பஞ்சாபிக்காரர். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1918-இல் பிரஜா உரிமை கொடுத்துச் சில நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். 1920-இல் வேறொரு கோர்ட் மறுபடி கொடுத்தது. 1923-இல் சுப்ரீம் கோர்ட், ‘சாதாரண ஜனங்களின் கண்ணுக்கு நீ வெள்ளையன் அல்ல’ என்ற கருத்துப்படத் தீர்ப்புச் சொல்லித் தட்டிவிட்டது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கென்று வந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 1936-இல் அவர் பிரஜையானார். பதினெட்டு வருஷம். மற்ற இந்தியர்களுக்கு 1946-இல்தான் வழி திறந்தது.

அவரை நினைத்தால் என் பதினாறு மாதம் கொசுக்கடிதான். ஆனால் திண்டுக்கு ‘இல்லை’ என்றாவது சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு, காரணம் எழுதி, தேதி இட்டுச் சொன்னார்கள். அநீதியான காரணம், ஆனாலும் அதை எதிர்த்து ஒருவன் வாதாடலாம், ஏசலாம், அடுத்த தலைமுறை படித்து வெட்கப்படலாம். யாரும் கையெழுத்துப் போடாத தாமதத்தை எதிர்த்து எந்த விலாசத்துக்கு எழுதுவது?

உத்தியோகஸ்தர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நவம்பரில் என்னை விசாரித்த அம்மாளுக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். அவர் ஓர் அறையில், நான் ஓர் அறையில். நடுவில் ஒரு கண்ணாடிப் பலகையில் முகம் பார்த்துப் பேசினோம். நேரில்தான் வர வேண்டும் என்று வரவழைத்து, வந்த பிறகு அடுத்த அறையில் உட்காரவைத்துக் காமிராவில் பேசினார்கள் என்பதை நான் சிரிக்காமல் பொறுத்துக்கொண்டேன். கொடியில் பதின்மூன்று கோடுகள் ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஆறு கேள்விக்குச் சரியாகச் சொன்னதும் போதும் என்று நிறுத்திவிட்டார். கடைசியில் என் பயணக் கணக்கை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 2016-இல் ஒரு நாள் குறைவாக எழுதியிருந்தேன். சிவப்பு மையில் திருத்தினார்.

2021 பிப்ரவரியில் பிரமாணம். ஓர் அலுவலகத்தின் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தில், பனியை ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். முகமூடியோடு ஒரு பன்னிரண்டு பேர் எட்ட எட்ட நின்றோம். பிரமாணத்துக்கு முன் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: ‘நேர்காணலுக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியே சென்றதுண்டா?’ இல்லை என்று எழுதினேன். ஒரு பெண்மணி கையுறை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினார். என் பச்சை அட்டையை அதில் போட்டேன். 2030 டிசம்பர் வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “புத்தம் புதிதாக இருக்கிறதே!” என்றார்.